மணி கேட்கிற மட்டும்

உடையடி என்ற ஊருக்கு எல்லை வகுத்தது கயிறும் அல்ல, சர்வே சங்கிலியும் அல்ல, ஒரு மணியின் சத்தம். இருநூற்றுப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால், வடக்கே செம்மணல் தேரியும் தெற்கே உப்புப் பூத்த குளமும் நடுவே பனையும் உடை மரமும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த இடத்துக்கு, கடற்கரையிலிருந்து ஒரு வெண்கல மணி வண்டியில் வந்தது. கோயில் கட்டும் முன்பே மணி வந்துவிட்டதால் இரண்டு பனந்தடிகளுக்கு நடுவே அதைத் தொங்கவிட்டு முதல் சாமியார் தன் கையாலேயே அடிக்க, முதலில் ஞானஸ்நானம் வாங்கியவன் பதினாறு திசைக்கும் ஒவ்வொன்றாக நடந்து, சத்தம் தேய்ந்து மறைந்த இடத்திலெல்லாம் ஒரு கல் நட்டான். பதினாறு கல்லில் மேற்குக் கல்லுக்கு மட்டும் எழுத்து உண்டு: மணி கேட்கிற மட்டும் பங்கு. கோயிலுக்கு உட்பட்ட மண்ணையும் மக்களையும் சேர்த்துப் பங்கு என்பார்கள். மணி யார் காதில் விழுகிறதோ அவர் பங்கின் பிள்ளை. அவருக்குத் திருவிழாச் சோற்றில் உரிமை, சப்பரம் சுமக்க உரிமை, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி மண். கேளாதவர் வேறு ஊர்க்காரர்.

அந்தப் பங்கில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, தொள்ளாயிரத்து ஏழு உயிர். இதைத் தப்பில்லாமல் சொல்லக்கூடியவர் கோயில்பிள்ளை சந்தியாகு ஒருவர்தான். அறுபத்தாறு வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. முப்பத்தெட்டு வருஷமாகக் கோயிலைத் திறந்து பூட்டி, மூன்று வேளையும் மணியடித்து, சாவு விழுந்தால் இறந்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை அடி துக்கமணியும் அடித்துவருகிறவர். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பக்கத்திலிருக்கும் தூணைப் பார்த்துத்தான் பதில் வரும். ஆனால் அந்தத் தூணுக்கு அவர் சொன்ன எண்ணை ஊர் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை. பட்டுப்போன பனை எத்தனை, மழை பெய்த நாள் எத்தனை, கோயில் வாசலிலிருந்து எந்த வீடு எத்தனை அடி என்று எல்லாமே அவருடைய நாற்பது பக்க நோட்டில் இருந்தன.

திருவிழா முடிந்த மறுநாள் மணி நடை. கோயிலில் ஒருவர் விடாமல் மணியடிக்க, கோயில்பிள்ளை பதினாறு கல்லுக்கும் நடந்துபோய், கல்லில் கை வைத்து, "கேட்குது" என்று சொல்லித் திரும்ப வேண்டும். அந்த வருஷம் கோயில் கூட்டுகிற அமலோற்பவம் மணியடித்தாள். சந்தியாகு மேற்கே நடந்து, இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்தாவது அடியில் கல்லுக்கு வந்து கை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அமலோற்பவம் வெற்றிலை போட நிறுத்தியிருப்பாள் என்று நினைத்து நின்றார். ஒரு பனம்பழம் விழுந்தது, தூரத்தில் ஒரு ஆடு கத்தியது, மணி மட்டும் இல்லை. பன்னிரண்டு அடி பின்னால் வந்தார். முழு மணியும் காதை அடைத்தது. ஓரடி முன்னால் வைத்தார், இல்லை. பின்னால் வைத்தார், இருந்தது. சத்தம் தேய்ந்து மறையவில்லை. கத்தரியால் வெட்டிய துணிபோல ஒரு இடத்தில் நின்றது. பதினாறு கல்லிலும் அதே பன்னிரண்டு அடி.

தன் காது போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். மறுநாள் ஊரே வந்தது. சின்னப் பிள்ளைகள் கோட்டின் மேல் நின்று ஒரு காதை உள்ளேயும் ஒரு காதை வெளியேயும் வைத்துச் சிரித்தார்கள். ஒருவன் தன் மனைவியை வெளியே நிறுத்தி, "இங்க நின்னுக்கோ, உனக்கு மணியும் கேக்காது, எனக்கு உன் பேச்சும் கேக்காது" என்றான்; அவள் வெளியே நின்றபடியே திட்டியது அவனுக்கு நன்றாகவே கேட்டது. நின்றுபோவது மணி மட்டும்தான் என்று அதிலிருந்து தெரிந்தது.

மறு வாரம் சத்தம் இன்னும் பன்னிரண்டு அடி உள்ளே வந்தது. அதற்கு மறு வாரம் முப்பது. பிறகு நாற்பது, சில வாரம் ஐம்பது. மணி வார்க்கிற ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் தட்டிப் பார்த்து, நாக்கை அசைத்துப் பார்த்து, மணியில் ஒரு குறையும் இல்லை என்று சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒலிபெருக்கி கட்டினார்கள்; அதில் பாட்டு பக்கத்து ஊர் வரைக்கும் போனது, மணி மட்டும் அதே கோட்டில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோகிற சாமியார் மேலிடத்துக்கு எழுதினார். பொறுமையோடும் ஜெபத்தோடும் இருக்கும்படி பதில் வந்தது. அதற்குள் ஊர் தன் வழியில் பொறுமையாகிவிட்டிருந்தது.

பங்குப் பேரவை கூடியது. தலைவர் எஸ்தாக்கி வாத்தியார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கல்வெட்டில் இருப்பதைக் கையில் எழுதிவந்து படித்தார். "இது நம்ம வச்ச சட்டம் இல்ல. இருநூறு வருசமா இருக்கது. மணி எதுவரைக்கும் கேக்கோ அதுவரைக்கும் பங்கு. மாத்த நமக்கு என்ன உரிமை இருக்கு?" ஒருவரும் பேசவில்லை, ஏனென்றால் அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே போயிருந்தது மூன்று வீடுதான், அந்த மூன்று வீட்டுக்காரரையும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பிறகு அமலோற்பவம் மணியடிக்க, கோயில்பிள்ளை அளந்து முளையடிக்க வேண்டும், அவர் முளைதான் எல்லை என்று தீர்மானம் எழுதினார்கள். சந்தியாகு தூணைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்படி அந்த ஊர் அதற்குப் பழகியது. கேட்கிற வீடு, கேளாத வீடு என்று பேச்சு வந்தது. "கேக்காத வீட்ல நாங்க பொண்ணு கேக்கதில்ல" என்று மாப்பிள்ளை வீட்டார் பல்லிளித்துச் சொன்னார்கள், அதைப் பெரிய சிலேடை என்று வேறு நினைத்துக்கொண்டார்கள். வெளியே போனவர்களில் வசதி உள்ளவர்கள் கூரையைப் பிரித்து, ஓட்டை எண்ணி இறக்கி, உள்ளே இருக்கும் சொந்தக்காரர் கொல்லையில் சாய்ப்பு இறக்கினார்கள். ஆறு மாதத்தில் அதுவும் வெளியே போகும், மறுபடி பிரிப்பார்கள். வீடும் வீடும் நெருங்கி, ஒரு அடுப்படி ஜன்னலில் கை நீட்டினால் அடுத்த வீட்டுக் குழம்பைக் கிண்டலாம் என்று ஆனது. உப்புக் கூடிப்போனது யாரால் என்று அதற்கு ஒரு சண்டை. வசதி இல்லாதவர்கள் கேளாத வீட்டிலேயே இருந்தார்கள். சந்தியாகு முளைக்கட்டும் சுத்தியலுமாக ஞாயிற்றுக்கிழமை வருவதைக் கண்டால் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து, "கோயில்பிள்ளையண்ணாச்சி, கொஞ்சம் நல்லாக் கேட்டுப் பாருங்க, இன்னா கேக்குல்லா, எனக்குக் கேக்கே" என்பார்கள். அவர் நின்று, கண்ணை மூடி, நேர்மையாகக் கேட்பார். கேட்கவில்லை என்றால் இல்லை. ஒரு விரல்கூட முளையைத் தள்ளியடித்ததில்லை. அவரைத் திட்டியவர்களும், "அந்த ஆளு கணக்குல பொய் கிடையாது, எம் விதி" என்றுதான் திட்டினார்கள்.

சந்தியாகுவுக்கு ஊரில் உறவென்று மிச்சம் இருந்தது அக்கா பிரகாசியம்மாள் ஒருத்தி. எழுபத்து நாலு வயசு. மேற்கே, கோயிலிலிருந்து ஆயிரத்து நூற்றுப் பதினெட்டாவது அடியில் அவள் வீடு. கால் இரண்டும் வீங்கிக் கட்டிலோடு கிடந்தாள். அவர் தினமும் கஞ்சி கொண்டுபோவார். செருப்பை வாசலில் ஒன்று வடக்கே ஒன்று கிழக்கே உதறிவிட்டு உள்ளே நுழையும்போது, "சேத்து வையேம்ல" என்பாள் அக்கா. அவர் வைக்கமாட்டார். உடையடியில் யாருமே வைக்கமாட்டார்கள். கோயில் வாசலில் முந்நூறு ஜோடி கிடந்தால் முந்நூறும் கலைந்து கிடக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். செருப்பை ஜோடி சேர்த்து விட்டுப்போனவன் திரும்பி வரமாட்டான் என்பது அங்கே ஒரு சொல்.

அந்தச் சொல்லுக்கு முப்பத்தோரு வயசு. அதற்குக் காரணம் சந்தியாகுதான்.

பிரகாசியின் ஒரே மகன் சலேத்து, பத்தொன்பது வயசில், தோட்டத்துக் கிணற்றில் மிதந்தான். விழுந்தானா, குதித்தானா, கண்டவர் இல்லை. காலையில் முதலில் பார்த்தவர் தாய்மாமன்காரர். அன்றைய சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் கோயிலுக்குள் வைத்துக் கேட்டார்கள்: என்ன பார்த்தீர்? அவர் தூணைப் பார்த்துச் சொன்னார்: "செருப்பு ரெண்டும் ஜோடி சேந்து, கிணத்தைப் பாத்து இருந்துது. நடுவுல விரக்கடை இடைவெளி இல்ல." பார்த்ததைச் சொன்னார், கூட்டவில்லை, குறைக்கவில்லை. கால் தவறி விழுகிறவன் செருப்பைக் கழற்றி அடுக்கி வைப்பானா என்று ஒரு பெரியவர் கேட்டார். அதோடு தீர்ப்பு முடிந்தது. தன் உயிரைத் தானே எடுத்தவனுக்குத் துக்கமணி இல்லை, கல்லறைத் தோட்டத்துக்குள் இடமும் இல்லை. சலேத்தைக் கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவருக்கு வெளியே, எருக்கஞ்செடிக்கு நடுவே புதைத்தார்கள். பத்தொன்பது அடி அடிக்க வேண்டிய கை அன்றைக்குச் சும்மா இருந்தது. பிரகாசி தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய புருஷன் மட்டும் அந்த வருஷத்திலேயே செத்து உள்ளே போனார்.

தவக்காலத்தில் கேளாத வீட்டில் முதல் சாவு விழுந்தது. மேற்கே கடைசி வீட்டுத் தொம்மை, எண்பது வயசு, முப்பது வருஷம் சப்பரம் சுமந்த தோள். தோட்டத்து வாசலைப் பேரவை திறக்கவில்லை. சலேத்துக்குப் பக்கத்தில் சுவருக்கு வெளியே குழி வெட்டினார்கள். சந்தியாகு கஞ்சியோடு போய் அக்காவிடம் சொன்னார்.

அவள் எழுந்து உட்கார முயன்றாள். "எந்தப் பக்கம்ல கிடக்கான் தொம்மை?"

"சலேத்துக்கு இடப்பக்கம்."

"வலப்பக்கம் இடம் கிடக்குல்லா?"

"கிடக்கு."

"எவ்வளவு?"

"பதினோரு அடி. அதுக்கப்புறம் பாறை."

"பதினோரு அடி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு அவள் அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தாள். அக்கா பயந்திருக்கிறாள் என்று சந்தியாகு நினைத்தார். சுவருக்கு வெளியே எருக்கஞ்செடிக்குள் தன்னையும் தள்ளிவிடுவார்களே என்று மனசு அரித்துக் கேட்கிறாள் என்று நினைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மேற்கு முளை அவள் வீட்டை நோக்கி வர வர, அவர் மிச்சமிருந்த அடியை எண்ணிக்கொண்டே திரிந்தார். மகனுக்குத்தான் என் வாயால் இடம் போயிற்று, தாய்க்கும் என் முளையால் போக வேண்டுமா என்று ராத்திரியும் பகலும் அதே நினைப்பு.

ஆனி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அமலோற்பவம் மணியடித்துக்கொண்டிருந்தாள். அவர் மேற்கே நடந்தார். ஆயிரத்து நூற்றுப் பதினொன்றாவது அடி வரைக்கும் மணி இருந்தது. பன்னிரண்டாவது அடியில் இல்லை. எதிரே ஏழடியில் அக்கா வீட்டு வாசல். கண்ணை மூடினார். மறுபடி கேட்டார். மறுபடி பன்னிரண்டாவது அடி வைத்தார். காற்றுகூட இல்லை. பிறகு, அறுபத்தாறு வயசில் முதல் தடவையாக, காதில் விழாததைக் கால் கேட்டதுபோல நடந்துகொண்டே போய், வீட்டைத் தாண்டி, பின்சுவரையும் தாண்டி, ஆயிரத்து நூற்று இருபத்தேழாவது அடியில் முளையை அடித்தார். நோட்டில் எழுதும்போது ஏழு என்ற எண் கோணலாக விழுந்தது. அந்த நோட்டில் கோணலான எண் அது ஒன்றுதான்.

உள்ளே போனார். செருப்பை உதறக்கூட மறந்து, காலோடு போட்டுக்கொண்டே கட்டிலருகே போய் நின்றார். "அக்கா, பயப்படாத. நீ உள்ளதான் இருக்க. முளை வீட்டுக்குப் பின்னால."

பிரகாசி அவரை உற்றுப் பார்த்தாள். "எனக்குக் கேக்கல. போன வாரம் கேட்டுது, இன்னைக்குக் கேக்கல. அதான் காலைல இருந்து சந்தோசமாக் கிடந்தேன்."

அவருக்கு விளங்கவில்லை.

"எவம்ல உங்கிட்டக் கேட்டான்?" என்றாள். "உன் அத்தான் உள்ள கிடக்காரு. அவருக்குத் துணைக்கு அவரு அப்பன் கிடக்காரு, அம்மை கிடக்கா, மூணு தம்பிமாரு வரிசையாக் கிடக்காவ. எம் பிள்ளைக்கு யாரு இருக்கா? முப்பத்தோரு வருசமா எருக்கஞ்செடி இருக்கு. நான் கேக்கிற வீட்ல இருக்கிற மட்டும் என்னைய அங்க போட விடமாட்டானுவ. மணி பின்வாங்கி வருதுன்னு கேட்ட அன்னைல இருந்து நான் நாள் எண்ணிக்கிட்டுக் கிடக்கேன். உங்க பங்கு உள்ள இருக்கு. எம் பங்கு வெளிய கிடக்குல."

சந்தியாகு சுவரைப் பார்த்தார். அந்த வீட்டில் தூண் இல்லை.

"அந்த முளையப் புடுங்கி முன்னால அடி."

"எழுதிட்டேன் அக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை தன்னாலயே முன்னால வந்துரும். ஏழு நாளுதான்."

"ஏழு நாளு நான் கிடப்பனால?" என்று கேட்டு, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு அந்தப் பக்கம் இருந்தபடியே, சண்டையாக இல்லாமல், வெறும் தகவல் சொல்லுகிறவள்போலச் சொன்னாள்: "தண்ணி குடிக்கப் போனாலும் செருப்பச் சேத்து வைக்கிற பையன் அவன். நாந்தான் அப்படிப் பழக்குனேன். நீ அதச் சொல்லல. நானும் சொல்லல. என்னைய யாரும் கேக்கல."

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் அவள் இறந்துபோனாள்.

சந்தியாகு நேராக எஸ்தாக்கி வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாத்தியாரே, அந்த முளை தப்பு."

"எந்த முளை?"

"அக்கா வீட்டுப் பின்னால இருக்கது. சத்தம் வீட்டுக்கு ஏழடி முன்னாலயே நின்னுட்டு. நான் பொய்யா அடிச்சேன்."

எஸ்தாக்கி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "சந்தியாகு, முப்பத்தெட்டு வருசம் நீரு சொன்ன எண்ணுக்கு மேல நாங்க ஒரு கோடு போட்டதில்ல. இன்னைக்கு ஒரு முளை தப்புன்னு சொல்லுவீரு. நாளைக்கு நூத்தி நாப்பத்தோரு வீட்டுக்காரனும், எம் முளையும் தப்புதான்னு வந்து வாசல்ல நிப்பான். தொம்மை மகன் அருவாளோட நிப்பான். நான் எவனுக்குப் பதில் சொல்ல?"

"எனக்குத் தெரியாது. அவள வெளியதான் போடணும்."

"வே, ஊர்ல எல்லாவனும் உள்ள வர அழுதான். நீரு கூடப்பொறந்த அக்காவ வெளிய போடணும்னு அழுதீரு. போயி மணிய அடியும். எழுபத்துநாலு. ஒண்ணு விட்டுறாதேயும்."

அடித்தார். எழுபத்து நாலையும் அடித்தார். சாவு வீட்டில் மணி கேட்காது என்று அவருக்குத் தெரியும், கேட்காதபோது எவனாவது கேட்கவில்லை என்று கத்துவான், அப்போது உண்மை தன்னாலேயே வெளியே வரும் என்று எண்ணி எண்ணி அடித்தார். ஆனால் யாரும் ஓடிவரவில்லை. பிறகு அமலோற்பவம் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "எல்லாவளும் முளையப் பாத்தா. முளை பின்னால இருக்கே, அப்ப கேக்கணுமே. முதல்ல எஸ்தாக்கி பொண்டாட்டி சிலுவ போட்டா. அவ போட்டதும் அடுத்தவ. அப்புறம் எல்லாருமா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சாவ. நானும் எண்ணுனேன் அண்ணாச்சி. எழுபத்தொண்ணு வரைக்கும் போனோம். மூணு குறைஞ்சிட்டு."

கல்லறைத் தோட்டத்தில் குழியருகே நின்றபோது சந்தியாகு வாயைத் திறந்தார். எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுவது என்று திறந்தார். பார்த்துப் பேச ஒரு தூண் தேடினார். வெட்டவெளியில் தூண் எங்கே இருக்கும்? சிலுவைகள் எல்லாம் இடுப்புயரம். சாமியார் தண்ணீர் மந்திரித்து முடித்தார், மண் விழுந்தது, திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பிரகாசி புருஷனுக்குப் பக்கத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்தாள். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சலேத்து கிடந்தான். வலப்பக்கத்துப் பதினோரு அடி அப்படியே காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேற்கு முளை நாற்பத்தாறு அடி முன்னால் வந்தது. அவர் சொன்னதுபோலவே வந்தது. மூன்று நாள் பிந்தி வந்தது.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, திருவிழாவுக்குச் சப்பரம் தெருவுக்குப் போகாமல் கோயிலையே மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. கல்லறைத் திருநாள் வந்தது. தோட்டத்து வாசல் கோயிலிலிருந்து நானூற்று முப்பத்தோராவது அடி. உள்ளே இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள் எல்லோரும் மெழுகுதிரியோடு வந்தார்கள். அன்றைக்கு ஒருநாள் யாரும் யாரையும் தடுப்பதில்லை. அமலோற்பவம் துக்கமணியைத் தொடங்கவேண்டிய நேரம் ஆயிற்று, தாண்டிற்று. ஒன்றும் கேட்கவில்லை. சந்தியாகு கோயிலை நோக்கி நடந்தார், ஊர் முழுவதும் அவர் முதுகைப் பார்த்தது. நானூற்று இரண்டாவது அடியில் நின்று, குனிந்து, முளையை அடித்தார். சுத்தியல் சத்தம் தோட்டம் வரைக்கும் நன்றாகக் கேட்டது.

எஸ்தாக்கி வாத்தியார் தன் தகப்பனார் கல்லறைத் தலைமாட்டில் நின்றார். "காத்து மாறியிருக்கு" என்றார்.

"காத்தே இல்ல வாத்தியாரே" என்றது ஒரு பெண்குரல். நூற்றுக்கணக்கான மெழுகுதிரிகளும் ஆடாமல் நெட்டுக்குத்தாக எரிந்துகொண்டிருந்தன. இருநூற்றுப் பதினான்கு வருஷத்துச் செத்தவர்கள் எல்லோரும், சாமியார்களும் சப்பரம் சுமந்தவர்களும் பெரிய தீர்ப்புச் சொன்னவர்களும், அந்த நேரத்தில் பங்குக்கு வெளியே கிடந்தார்கள்.

தோட்டத்துச் சுவரை யாரும் மனம் திருந்தி இடிக்கவில்லை. உள்ளே இடம் குறுகி, ஆட்கள் வீட்டுமேல் வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள், கல் போதவில்லை, அவ்வளவுதான். முதலில் ஒருவன் இரண்டு கல்லை எடுத்தான். மறுநாள் நாலு பேர் கூடையோடு வந்தார்கள். தை முடிவதற்குள் மேற்குச் சுவர் அடிவாரம் மட்டும் மிஞ்சி, எருக்கஞ்செடி உள்ளே நடந்துவந்தது. கோயில் முன்மண்டபத்துத் தூண் இரண்டும்கூட யாரோ ஒருவர் வீட்டு உத்தரத்தைத் தாங்கப் போயின.

மாசி மாதம் பதினோராம் தேதி, சலேத்து போய் முப்பத்திரண்டு வருஷம். அதற்குள் மணிச்சத்தம் கோயில் சுவர்களையும் விட்டு உள்ளே வந்துவிட்டிருந்தது. மணிக்கயிற்றிலிருந்து ஒன்பது அடி. பீடம் பதினேழாவது அடியில் இருந்ததால் அதன்மேல் நின்ற வியாகுல மாதாவும் வெளியே போயிருந்தாள். பங்கில் இருந்தவர் ஒருவர், மணியடிக்கும் நேரத்தில் மட்டும். பேரவை இன்னும் கூடியது; கூடியவர்களில் எவரும் பங்கில் இல்லாததால் தீர்மானம் எழுதாமல் கலைந்தது.

உச்சிப்பொழுதில் சந்தியாகு கோயிலுக்கு வந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றினார். குனிந்து, இரண்டையும் எடுத்து, ஜோடி சேர்த்து, விரக்கடை இடைவெளி இல்லாமல், கோயிலைப் பார்த்து வைத்தார். உள்ளே போனார்.

கூட்டிக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் கையில் துடைப்பம் நின்றது. "ஏ, ஓடியாங்கள!" என்று கத்தினாள். "கோயில்பிள்ளை செருப்பச் சேத்து வச்சிட்டு உள்ள போயிருக்காரு!" நெருங்கி நெருங்கி அடைந்து கிடந்த ஊர் ஒரு நிமிஷத்தில் வாசலில் கூடியது. யாரும் உள்ளே போகவில்லை. எல்லோரும் செருப்பைச் சுற்றி, பாம்பைச் சுற்றி நிற்பதுபோல நின்றார்கள். எஸ்தாக்கி வாத்தியாரும் வந்து நின்றார்.

உள்ளே சந்தியாகு அடித்துக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. வெளியே நின்றவர்களுக்குக் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது, மணி கேட்கவில்லை. ஒன்பது. பத்து. அவர் எண்ணிக்கை பிசகவில்லை. பதினெட்டாவது அடி அவர் காதில், தலையில், பல்லில் இறங்கியது. பத்தொன்பதாவது தடவை கயிற்றை இழுத்தார். மணி சாய்ந்தது, நாக்கு விளிம்பில் போய்ப் பட்டது, அதைக் கண்ணால் பார்த்தார். சத்தம் இல்லை. கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

கூட்டம் பின்வாங்கியது. அவர் வழக்கம்போல் தூணைத் தேடினார். இரண்டு தூணும் இருந்த இடத்தில் இரண்டு குழி இருந்தது. அதனால் அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

"செருப்பச் சேத்துக் கழட்டுனவன், திரும்பி வந்து போடத்தான் கழட்டுவான்" என்றார். "அன்னைக்கு நான் பாத்தது செருப்பு. அது சேந்து இருந்துதுன்னு சொன்னேன். இதச் சொல்லல."

காலை நுழைத்தார். இடது, வலது. எஸ்தாக்கி வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போடவில்லை. அமலோற்பவம்தான் கேட்டாள்: "எத்தன அடிச்சீரு அண்ணாச்சி?"

"பத்தொம்பது."

"கடைசி கேட்டுதா?"

"இல்ல."

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வழிவிட்டாள். அவர் நானூற்று முப்பத்தோரு அடி நடந்து, கதவில்லாத வாசல் வழியே போய், அக்காவின் கல்லறையிலிருந்து தொடங்கி, சுவரின் அடிவாரத்தைத் தாண்டி, எருக்கஞ்செடியை ஒதுக்கி, சலேத்தின் மேடு வரைக்கும் எண்ணினார். இருபத்திரண்டு. திரும்பி அக்காவிடம் எண்ணினார். இருபத்திரண்டு. உடையடியில் எல்லாம் குறைந்தது. அந்த இருபத்திரண்டு அடி மட்டும் குறையவில்லை.